சாம்பல் கரையில் மழை அரித்த ஓடைகள்: அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு பாலத்தின் அணுகுசாலைக்கு நிலக்கரிச் சாம்பல் கொட்டிக் கரை எழுப்பிக்கொண்டிருக்கிறோம். உயரம் சுமார் 3 மீட்டர். செம்மண்ணைவிட எடை குறைவு, மலிவும்கூட, அதுவரை சரி.

போன வாரம் ஒரே இரவு பெய்த மழையில் சரிவு முழுக்கக் கை நுழையும் அளவுக்கு ஓடைகள் விழுந்துவிட்டன. கரையடியில் சாம்பல் கரைந்து பாலாக ஓடியது. வெயில் வந்தால் நேர்மாறு: லாரி ஒன்று போனால் எதிரே நிற்பவர் முகம் தெரிவதில்லை.

சாம்பல் கொட்டிச் சாலைக் கரை எழுப்புவதற்கான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) எஸ்.பி. 58 வழிகாட்டி இந்த உயரத்துக்குப் பக்கவாட்டில் சுமார் 1 மீட்டர் மண்போர்வை போதும் என்கிறது. சாம்பலோடு சேர்த்தே அடுக்கடுக்காக அதை ஏற்ற வேண்டும். எங்கள் ஒப்பந்ததாரரோ கடைசியில் பூசிக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இப்போது அரித்த பகுதியை எவ்வளவு ஆழம் வெட்டி எடுத்துத் திரும்ப நிரப்புவது? ஈரம் கொஞ்சம் கூடினாலும் ரோலர் புதைகிறது, குறைந்தால் தூளாகவே கிடக்கிறது; களத்தில் பதத்தை எப்படிப் பிடிக்கிறீர்கள்? வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்தாக வேண்டும். இதைச் செய்து பார்த்தவர்கள் சொன்னால் பேருதவி.