நவக்கிரியில் அத்திவாரம் போடுமுன் நிலக்கீழ்ப் பொந்துகளை அறிவது எப்படி?

கேள்வி:
யாழ்ப்பாணத்து நவக்கிரியில் எங்களுக்கு 2 பரப்புக் காணி உண்டு. மலசலகூடக் குழி வெட்டியபோது, செம்மண்ணுக்குக் கீழிருந்த சுண்ணாம்புக்கல்லில் ஒரு வெடிப்பு வெளிப்பட்டது. அதற்குள் விட்ட அலவாங்கு தடையின்றி இறங்கியது. சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டான ஆழமான நிலாவரைக் கிணறு அருகில் இருப்பதால், கீழே பெரிய பொந்து இருக்குமோ என்று அஞ்சுகிறோம். காணியைக் கிண்டாமலே இதை அறிய முடியுமா? தரையை ஊடுருவும் ராடர் போதுமா?

மறுமொழி 1:
ராடரை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். களிப்பாங்கான செம்மண் ஈரமாக இருக்கையில் ராடர் அலைகளை உறிஞ்சிவிடும். மாரி முடிந்த கையோடு அளந்தால், ஓரிரு மீற்றருக்குக் கீழே எதுவும் தெரியாமற் போகலாம். மின்தடை அளவீடே உங்கள் நிலத்துக்குப் பொருந்தும். உலோக முளைகளை வரிசையாக அடித்து, இரண்டின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, வேறு இரண்டுக்கிடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். கோடையில் முளையடியில் உப்புநீர் ஊற்றினால்தான் தொடுகை சரியாக அமையும். காற்று நிறைந்த பொந்து சுற்றியுள்ள கல்லைவிடக் கூடிய தடையைக் காட்டும். நீரோ களியோ நிறைந்த பொந்து குறைந்த தடையைக் காட்டும். ஆனால் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை மறக்கக் கூடாது. உவர்நீர் மின்னை எளிதாகக் கடத்துவதால், அந்த மட்டத்தில் பொந்தில்லாத நுண்துளைக் கல்லும் குறைந்த தடையையே காட்டும். அளவீட்டிலிருந்து வரையும் நிலத்தடித் தடைப் படத்தைப் படிப்பவர் இவ்விடத்து நிலத்தடி நீரை அறிந்தவராக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேட்டவர்:
மிக்க நன்றி. முளை வரிசை எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்?

மறுமொழி 1:
வரிசையின் நீளத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு ஆழம் வரையே தெரியும். 10 மீற்றர் ஆழம் பார்க்க 50 மீற்றர் வேண்டும். 2 பரப்பு என்பது 500 சதுர மீற்றர் அளவே ஆகையால், வேலிக்கு அப்பாலும் முளை அடிக்க அயலவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மறுமொழி 2:
அயற்காணி கிடைக்காவிட்டால் நுண்ணீர்ப்பு அளவீடு உண்டு; பொந்தின் மேலே புவியீர்ப்பு மிகச் சிறிதளவு குறைவதை அளக்கும் முறை இது. 2 மீற்றர் ஆரமுள்ள வெறும் பொந்தின் மையம் 5 மீற்றர் ஆழத்தில் இருந்தால், அதன் நேர்மேலே ஈர்ப்பு 20 மைக்ரோகால் அளவு குறையும். 1 மைக்ரோகால் என்பது புவியீர்ப்பில் 100 கோடியில் ஒரு பங்குதான். கருவி 1 சென்ரிமீற்றர் உயர்ந்தாலே 3 மைக்ரோகால் மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு புள்ளியிலும் மட்டத்தை மிகக் கவனமாக எடுக்க வேண்டும்.

எந்த முறையானாலும், ஐயமான இடங்களில் துளையிட்டுப் பார்த்த பின்னரே பொறியியலாளர் அத்திவாரத்தை வரைய வேண்டும். மலசலகூடக் குழியை அந்த வெடிப்பின்மேல் அமைக்கவே வேண்டாம். கழிவு மண்ணில் வடிபடாமல், நேரே அயற்கிணறுகளின் குடிநீரோடு கலந்துவிடும்.