பிசிஆர் துண்டை வெட்டிய எக்ஸ்பா-1, பிளாஸ்மிடை மட்டும் வெட்ட மறுக்கிறது

கேள்வி:
மூன்று நாளாக ஒரே தலைவலி. 720 பேஸ் ஜோடி நீள மரபணு ஒன்றை பிசிஆரில் (குழாயிலேயே டிஎன்ஏவை நகலெடுக்கும் முறை) பெருக்கி, ஹிண்ட்-3, எக்ஸ்பா-1 என்ற டிஎன்ஏ வெட்டும் நொதிகள் இரண்டாலும் வெட்டி, பியுசி19 என்ற பிளாஸ்மிடுக்குள் (பாக்டீரியாவில் பெருகும் வளைய டிஎன்ஏ) ஒட்டினேன். காலனி வந்தது, சீக்வென்சிங்கும் சரி. ஆனால் டிஎச்5-ஆல்பா என்ற ஈ.கோலை பாக்டீரியா இனத்தில் வளர்த்து எடுத்த பிளாஸ்மிடை அதே இரண்டு நொதிகளால் வெட்டினால் துண்டு வெளியே விழவில்லை. ஜெல்லில் 3.4 கிலோபேஸ் அளவில் ஒரே பட்டை. புது எக்ஸ்பா குழாய் திறந்தும் அதே கதை. ஆராய்ச்சி கைடைப் பார்த்தாலே ஒளிந்துகொள்கிறேன்.

மறுமொழி 1:
மினிபிரெப்பை (பிரித்தெடுத்த பிளாஸ்மிடை) டிஇ பஃபரில் கரைத்தீர்களா? அதிலுள்ள ஈடிடிஏ, நொதிக்குத் தேவையான மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டால் நொதி வெட்டாது. தண்ணீரில் கரைத்துப் பாருங்கள்.

மறுமொழி 2:
மக்னீசியம் போதவில்லை என்றால் ஹிண்ட்-3யும் தூங்கியிருக்குமே. 3.4இல் ஒரே பட்டை என்றால் ஹிண்ட்-3 ஒழுங்காக வெட்டி வளையத்தை நேராக்கிவிட்டது; வெட்டாதது எக்ஸ்பா மட்டும்தான். தங்கச்சி, மரபணு எந்த ஸ்டாப் கோடானில் (முடிவைக் குறிக்கும் மூன்றெழுத்து) முடிகிறது?

கேட்டவர்:
டிஜிஏ, அண்ணா. அதையொட்டி நேரே எக்ஸ்பா வெட்டும் தளம், டிசிடிஏஜிஏ.

மறுமொழி 2:
அப்படியானால் ஆள் அகப்பட்டான். சேர்த்து எழுதிப் பாருங்கள்: டி-ஜி-ஏ-டி-சி-டி-ஏ-ஜி-ஏ. நடுவில் ஜி-ஏ-டி-சி வந்துவிட்டதா? ஈ.கோலையில் டேம் என்றொரு நொதி உண்டு. ஜிஏடிசி தென்படும் இடமெல்லாம் ஏ மேல் ஒரு மெத்தில் ஒட்டிவிடும், இரண்டு இழையிலும். எதிர் இழையில் மெத்தில் ஏறும் ஏ, எக்ஸ்பா படிக்கும் ஆறெழுத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் எப்படி வெட்டும்? பிசிஆர் துண்டு குழாயில் பிறந்தது, அதில் மெத்தில் கிடையாது. அதனால்தான் அன்று வெட்டியது. (ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது இதே டேமால் கிளா-1 என்ற வெட்டும் நொதியிடம் நான் இரண்டு வாரம் தோற்றிருக்கிறேன். அதுவரை நொதிக் கம்பெனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.)

மறுபடி குளோன் செய்ய வேண்டாம். இதே பிளாஸ்மிடை ஜேஎம்110 மாதிரி டேம் இல்லாத இனத்தில் ஏற்றி, அதிலிருந்து எடுத்து வெட்டுங்கள். அடுத்த முறை பிரைமர் ஆர்டர் செய்யும்போது டிஜிஏவுக்குப் பதில் டிஏஏ போட்டால் போதும்.

கேட்டவர் (நான்கு நாள் கழித்து):
பக்கத்து லேபில் ஜேஎம்110 கிடைத்தது. இன்று ஜெல்லில் இரண்டு பட்டை: 2.7 கிலோபேஸ், அதற்குக் கீழே நம்ம 720. போட்டோ எடுத்துக்கொண்டு கைடு அறைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் அண்ணா.