வெள்ளிக் கோளுக்குக் காந்தப் புலமே இல்லை, அப்புறம் காற்று எப்படி நிற்கிறது?

செம்பனைக்காரன், சுங்கை சிப்புட்:
படிவம் 1 படிக்கிற மகள் நேற்று ராத்திரி கேட்டாள்: காந்தப் புலம் போனதால்தான் செவ்வாயில் காற்றும் போனது என்கிறார்களே, வெள்ளிக்கும்தான் சொந்தக் காந்தப் புலம் இல்லை, அங்கே மட்டும் பூமியைவிட 90 மடங்கு அழுத்தத்தில் காற்று எப்படி இருக்கிறது? நான் பழம் வெட்டுகிற ஆள், முழித்தேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லயத்துப் பேரன்:
நல்ல கேள்வி அண்ணே, நிறைய வீடியோ இதை மழுப்பிவிட்டுப் போகும். செவ்வாய் சின்னக் கோள், அதன் உள்கருவில் காந்தப் புலத்தை உண்டாக்கிய ஓட்டம் ஏறக்குறைய 400 கோடி வருஷத்துக்கு முன்பே நின்றுவிட்டது. அதற்கப்புறம் சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்கள், அதன் வளியைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தது. 2014இல் அங்கே போய்ச் சேர்ந்த மேவன் விண்கலம் அதை நேராகவே அளந்தது. அதோடு ஈர்ப்பும் பூமியில் 38 சதவீதம்தானே, பிடித்து வைக்க வலுவில்லை. வெள்ளிக்கு ஈர்ப்பு நம்முடையதில் 90 சதவீதம், காற்றில் பெரும்பகுதி கனமான கரியமில வாயு. போதாததற்கு, சூரியக் காற்று மோதும்போது மேல்காற்றின் மின்னேற்ற அடுக்கில் மின்னோட்டம் ஓடி, அதுவே ஒரு ஒப்புக்குக் காந்தத் தடுப்பாகிவிடுகிறது. அப்படியும் தண்ணீரிலிருந்து பிரிந்த லேசான ஹைட்ரஜன் தப்பிவிட்டது, அதனால்தான் அங்கே தண்ணீர் வற்றிக் கிடக்கிறது.

பால்மரம்:
அப்போ நமக்குக் காந்தப் புலம் சும்மா அலங்காரமா?

லயத்துப் பேரன்:
அப்படிச் சொல்லவில்லை லா. மின்னேற்றம் உள்ள துகள்களைத் திருப்பிவிடுவது அதுதான், புற ஊதாக் கதிரை அது தொடாது, அது ஓசோன் வேலை. நாம் இருக்கும் மலேசியா இன்னும் வசதி: காந்த நடுக்கோடு நம் வடக்கே பக்கத்தில்தான் போகிறது, இங்கே காந்தக் கோடுகள் தரைக்குக் கிட்டத்தட்டப் படுத்தே கிடப்பதால் விண்வெளித் துகள்கள் குறுக்கே வெட்டிக்கொண்டு வர வேண்டும், பலதுக்கும் முடியாது. துருவத்தில் கோட்டோடு வழுக்கி இறங்கிவிடும். 1989 மார்ச்சில் சூரியப் புயலால் கனடாவின் கியூபெக்கில் 9 மணி நேரம் கரண்ட் போனது, அது வடக்கே இருப்பதும் ஒரு காரணம்.

செம்பனைக்காரன்:
நன்றி தம்பி. இதைப் படித்துவிட்டு மகள் ஊசியைக் காந்தத்தில் தேய்த்துத் தண்ணீரில் மிதக்க விட்டாள். வடக்கு தெற்காக நிற்காமல் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் பார்த்தேன், பக்கத்திலேயே என் பழம் வெட்டும் கத்தியைச் சாய்த்து வைத்திருந்தேன்.