செயலியில் மழை, காட்டில் புழுதி. எதைப் பார்த்து விதைப்பது?

கரிசல்காட்டான்:
டி.கல்லுப்பட்டிக்குத் தெற்கே எங்களுக்கு மானாவாரிக் காடு. உழுது போட்டாச்சு, மக்காச்சோள விதை மூட்டை வீட்டில் கிடக்கிறது, புரட்டாசி பாதி ஓடிவிட்டது. போனில் வானிலைச் செயலியைத் திறந்தால் தினமும் சாயங்காலம் 70 சதவீதம் மழை என்று காட்டுகிறது. நாலு மணிக்கு மேற்கே கருகருவென்று ஏறுகிறது, பேரையூரில் ஊற்றுகிறது, திருமங்கலத்தில் ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது, எங்கள் காட்டில் மட்டும் தூசி அடங்குகிற அளவுக்குத் தூறிவிட்டுப் போய்விடுகிறது. எதை நம்பி விதைக்க? மழைமானி வைத்தால் பிரயோஜனம் உண்டா?

வைகைக்கரை:
செயலியைத் திட்டிப் பயனில்லை அண்ணே. இப்போது பெய்வது வெப்பச்சலன மழை. தென்மேற்குக் காற்று ஈரத்தைக் கேரளப் பக்கமே இறக்கிவிட்டு மலை தாண்டிக் காய்ந்துதான் நமக்கு வரும். பகல் வெயிலில் தரை கொதித்துக் கிடக்க, சாயங்காலம் கிழக்கே கடல் பக்கமிருந்து ஈரக்காற்று உள்ளே வந்து அந்த மேற்குக் காற்றோடு முட்டுகிற இடத்தில் மேகம் திரளும், அந்த இடம் தினம் ஒன்றாக மாறும். ஒரு இடிமேகம் பெய்கிற அகலமே சில கிலோமீட்டர்தான். அந்த 70 சதவீதம் உங்கள் வட்டாரத்துக்குச் சொன்னது, உங்கள் காட்டுக்கு இல்லை. வானிலை மையம் ‘ஓரிரு இடங்களில்’ என்று சொன்னால் மழைமானி இருக்கிற இடங்களில் கால்வாசியில்கூடப் பெய்யாமல் போகலாம், அவர்கள் கணக்குப்படி அது சரியான அறிவிப்புதான்.

ரேடார் படம் பார்ப்பீர்களா? காரைக்கால் ரேடார் நமக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். அதன் கதிர் மதுரைக்கு வரும்போது 4 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே போய்விடும். ஓங்கி வளர்ந்த இடிமேகம் தெரியும், தாழ்வான மேகத்தின் தூறல் சரியாகத் தெரியாது. கடைசி அரைமணி நேரத்துப் படங்களை ஓட்டிப் பார்த்து மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள், அது போதும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கி, வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு எதுவும் உண்டானால் மழை அகலமாகப் பெய்யும். அப்போது இதே செயலியை ஓரளவு நம்பலாம்.

மேலூர்_ஒருபோகம்:
நாங்கள் மேலூர் மழையைப் பார்ப்பதே இல்லை. தேக்கடியில் பெய்ததா, பெரியாறு எத்தனை அடி, வைகை அணை 71 அடிக்கு எவ்வளவு குறைவு, இவ்வளவுதான் எங்கள் வானிலை அறிக்கை. 1895-ல் பென்னிகுயிக் பெரியாறு அணையைக் கட்டிக் கொடுத்த புண்ணியம். கல்லுப்பட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே அண்ணே.

பேரையூர்_சம்சாரி:
இவர் கேட்டது விதைப்பைப் பற்றி, நீ அணை மட்டத்தைச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே.

தம்பி, மேகத்தைப் பார்த்து விதைக்காதே, மண்ணைப் பார். மழை விட்ட மறுநாள் காலையில் காட்டுக்கு நடுவில் மண்வெட்டியால் கொத்து. மேலே கறுத்து ஈரமாக இருக்கும், ரெண்டு விரல் கீழே போனதும் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக வந்தால் அது விதைப்பு மழை இல்லை. ஒரு சாண் ஆழத்து மண்ணைப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், அதுதான் எங்கள் கணக்கில் உழவு மழை, அதில்தான் விதைக்கலாம். அரை ஈரத்தில் போட்ட விதை முளைவிட்டு, அடுத்த வாரம் வெயிலில் கருகிவிடும். நாட்டுச்சோளம் என்றால் புழுதி விதைப்பே போடலாம், 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விழுந்தால் நல்ல மழை வருகிற வரைக்கும் முளைக்காமல் கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய வீரிய மக்காச்சோளத்தை வைத்துச் சூதாட வேண்டாம். ஐப்பசி முதல் வாரம் தாண்டினாலும் குடி முழுகிப் போகாது.

மழைக்கிறுக்கு:
மழைமானி கண்டிப்பாக வையுங்கள். பேப்பரில் வருகிற பேரையூர், கள்ளிக்குடி, எழுமலை அளவெல்லாம் அங்கங்கே இருக்கிற மானியில் காலை 8.30-க்கு எடுப்பது. அதனால் நேற்றுச் சாயங்காலம் பெய்தது இன்றைய தேதியில் வரும், இது தெரியாமல் பலர் குழம்புகிறார்கள். 1 மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 10 மி.மீ. பெய்தால் ஏக்கருக்கு 40,000 லிட்டர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். கடையில் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை, மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமான, அடி தட்டையான டப்பாவும் ஒரு ஸ்கேலும் போதும். இடுப்பு வளைந்த குளிர்பான பாட்டில் வேண்டாம், கணக்கு தப்பும்.

கரிசல்காட்டான்:
நன்றி. டப்பாவை வீட்டு மாடியில் வைக்கலாமா? காட்டில் வைத்தால் மயில் தட்டிவிடும்.

மழைக்கிறுக்கு:
மாடி வேண்டாம், காற்று சுழற்றி மழையைத் தள்ளிவிடும், அளவு குறைவாகத்தான் காட்டும். காட்டிலேயே ஒரு குச்சி நட்டு டப்பாவைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். பக்கத்தில் வேப்பமரம் இருந்தால் அதன் உயரத்தைப்போல ரெண்டு மடங்கு தள்ளி நடுங்கள். காலையில் அளந்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் கொட்டிவிடுங்கள்.

பேரையூர்_சம்சாரி:
மயில் டப்பாவைத் தட்டுவது இருக்கட்டும், விதைத்த மறுநாள் காவலுக்கு ஆள் போடு.