விண்டோஸில் அடித்த சொற்பட்டியல் உபுண்டுவில் பொருந்தவே மாட்டேன் என்கிறது – உதவி தேவை

தேனீ:
வணக்கம். எழுத்துப்பிழை திருத்தி ஒன்றுக்காகத் தமிழ்ச் சொற்பட்டியல் சேர்த்துவருகிறோம். சொற்களை அடித்துத் தருபவர்கள் விண்டோஸில் நோட்பேட் பயன்படுத்துகிறார்கள். நான் உபுண்டு லினக்ஸில் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) எழுதி, அவர்கள் தருவதை முதன்மைப் பட்டியலோடு ஒப்பிடுகிறேன். 'அம்மா' இரண்டு கோப்பிலும் கண்முன்னே இருக்கிறது. ஆனால் முழு வரியும் பொருந்த வேண்டும் என்று கிரெப் என்ற தேடல் கட்டளையிடம் கேட்டால் எதுவுமே கிடைப்பதில்லை.

இன்னொரு விநோதம். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் 'புதியது' என்று காட்டச் சொன்னால், அது சொல்லின் மேலேயே ஏறி அதை அழித்துவிடுகிறது. 'கொ', 'போ' போன்ற எழுத்துகளின் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேமித்திருப்பதால் வரும் சிக்கலா இது?

வடகரை:
அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் 'அம்மா'வில் கொம்பே இல்லையே, அதுவும் பொருந்தவில்லை என்கிறீர்களே. நீங்கள் சொன்ன இரண்டாவது அறிகுறிதான் விடை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாமல் 13ஆம் எண் குறியீடு, அதாவது கேரேஜ் ரிட்டர்ன், உட்கார்ந்திருக்கிறது. 'வரியின் தொடக்கத்துக்குப் போ' என்பதுதான் அதற்கு அர்த்தம். டெர்மினல் (கட்டளை அடிக்கும் சாளரம்) சொன்னபடி கேட்டு, கர்சரை முன்னால் கொண்டுபோய் அங்கே 'புதியது' என்று எழுதிவிடுகிறது.

தொலைத்தட்டச்சு இயந்திரங்களில் அச்சுமுனையை இடப்பக்கம் கொண்டுபோவது ஒரு வேலை, தாளை ஒரு வரி நகர்த்துவது வேறு வேலை. அதனால் 13, 10 என இரண்டு குறியீடுகள். யூனிக்ஸ் 10 மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டது, லினக்ஸும் அப்படியே. சிபி/எம், டாஸ் ஆகிய பழைய இயங்குதளங்கள் வழியாக வந்த விண்டோஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது. பழைய மேக் 13ஐ மட்டும் வைத்திருந்தது. 2001இல் வந்த மேக் ஓஎஸ் டென்னிலிருந்து அங்கேயும் 10தான்.

சோதித்துப் பாருங்கள். 'அம்மா' என்ற ஒரே சொல்லும் அதற்கு ஒரு என்டரும் உள்ள கோப்பு யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் (எழுத்துகளைப் பைட்களாகச் சேமிக்கும் முறை) 16 பைட் இருக்க வேண்டும்: குறியீடுகள் ஐந்து, ஒவ்வொன்றும் 3 பைட், அப்புறம் வரிமுடிவு 1. உங்களுக்கு 17 வரும். டிஆர் கட்டளையின் நீக்கும் விருப்பத்தில் \015 கொடுத்து, விடையைப் புதிய கோப்பில் எழுதுங்கள். 13இன் எட்டடிமான வடிவம்தான் 015. யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துகளின் பைட்கள் எல்லாமே 127க்கு மேல், ஆகவே எழுத்துகளுக்கு ஆபத்தில்லை.

தேனீ:
மிக்க நன்றி, 17தான் வந்தது. புதிய பட்டியல்கள் எல்லாம் இப்போது பொருந்துகின்றன. ஆனால் ஒருவர் பல வருடங்களுக்கு முன் சேமித்து வைத்திருந்த பட்டியலில் இதையே செய்தால், எடிட்டரில் முதல் சொல் ஒழுங்காக இருக்கிறது, அதே வரியிலேயே ஒரு கட்டமும் சீன, கொரிய எழுத்துகளும் வருகின்றன. அடுத்த வரியில் மறுபடியும் ஒரு நல்ல சொல், பிறகு அதே கதை. அசல் கோப்பு பத்திரமாக இருக்கிறது.

பனைநிழல்:
ஒன்று விட்டு ஒன்று கெடுகிறது என்றதுமே தெரிந்துவிட்டது: அந்தக் கோப்பு யூடிஎஃப்-16 என்ற வேறொரு குறியாக்கத்தில் இருக்கிறது. பழைய நோட்பேடில் சேமிக்கும்போது 'யூனிகோடு' என்று ஒரு தெரிவு இருக்கும். அதைத் தேர்ந்தால் கிடைப்பது இதுதான். தமிழைக் காப்பாற்ற நினைத்தவர்கள் பலர் அதைத்தான் தேர்ந்தார்கள்.

அதில் ஒவ்வொரு குறியீடும் 2 பைட். கேரேஜ் ரிட்டர்னும் 13, 0 என்று இரண்டு பைட்டாக இருக்கும். டிஆர் 13ஐ மட்டும் எடுத்துவிட்டு 0வை விட்டுவிட்டது. அங்கிருந்து எல்லாமே ஒரு பைட் தள்ளிப் போய், அடுத்தடுத்த எழுத்துகளின் பாதிகள் தவறாக ஜோடி சேர்ந்துவிட்டன. 'ம'வின் 174உம் 11உம் இடம் மாறிப் படிக்கப்பட்டால் கொரிய எழுத்தாகிவிடும். அடுத்த வரிமுடிவில் இன்னொரு பைட் போனதும் ஜோடி மறுபடி சரியாகிவிடுகிறது.

எந்தக் கோப்பானாலும் முதலில் ஃபைல் கட்டளையில் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். குறியாக்கம், வரிமுடிவு இரண்டையும் அதுவே சொல்லும். பைட் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம்: அதே 'அம்மா' யூடிஎஃப்-16இல், கோப்பின் தலையில் வரும் 2 பைட் அடையாளம், எழுத்துக்கு 10, வரிமுடிவுக்கு 4 என்று 16க்கே வந்து நிற்கும்! யூடிஎஃப்-16 என்று தெரிந்தால் ஐகான்வ் கட்டளையால் யூடிஎஃப்-8 ஆக்கிவிட்டு, அதன்பின் 13ஐ நீக்குங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. டாஸ்2யூனிக்ஸ் நிறுவிக்கொண்டால் தலையில் அந்த அடையாளம் உள்ள யூடிஎஃப்-16 கோப்பை அதுவே கண்டுபிடித்து இரண்டு வேலையையும் செய்துவிடும். என்னைக் கேட்டால் தமிழ்க் கோப்புகளுக்கு அதுதான் பாதுகாப்பு.

தேனீ:
ஐகான்வ் போட்டுப் பிறகு நீக்கினேன், பழைய பட்டியலும் முழுசாக வந்துவிட்டது. இருவருக்கும் நன்றி. திருத்திய பட்டியலை அவர்களுக்குத் திருப்பி அனுப்பும்போது மறுபடி விண்டோஸ் வடிவத்துக்கு மாற்ற வேண்டுமா? எல்லாம் கிட்டில்தான் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) இருக்கிறது.

வடகரை:
2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து நோட்பேட் 10 மட்டும் உள்ள கோப்பையும் வரி வரியாகவே காட்டும். அதற்கு முந்தைய கணினி என்றால் எல்லாச் சொல்லும் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டு தெரியும். அவர்களுக்கு மட்டும், வரிமுடிவை 13, 10 என மாற்றும் யூனிக்ஸ்2டாஸ் ஓட்டி அனுப்புங்கள்.

கிட் விஷயத்தில் ஒவ்வொருவர் கணினி அமைப்பையும் நம்பியிருக்காதீர்கள். களஞ்சியத்திலேயே கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பு வைத்து, சொற்பட்டியலுக்கும் ஸ்கிரிப்டுக்கும் வரிமுடிவு எல்எஃப் (அதாவது 10 மட்டும்) என்று எழுதிவிடுங்கள். ஸ்கிரிப்டை மறந்துவிடாதீர்கள்: முதல் வரியில் பாஷின் பெயருக்குப் பின்னால் 13 ஒட்டிக்கொண்டால், அப்படி ஒரு நிரலே இல்லை என்று லினக்ஸ் ஓட்ட மறுக்கும். ஏற்கெனவே சேர்த்த கோப்புகளுக்குக் கிட் ஆட் கட்டளையை ரீநார்மலைஸ் விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டிக் கமிட் செய்யுங்கள் (மாற்றத்தைக் கிட்டில் பதியுங்கள்). அந்தக் கமிட்டில் வேறு திருத்தம் எதையும் கலக்க வேண்டாம். கோப்பின் எல்லா வரியும் மாறியதாகக் காட்டுவதால் உண்மையான திருத்தம் அதில் காணாமல் போய்விடும்.