இரட்டையாகத் தெரிந்த என் 1969-எஸ் சென்ட். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

பழைய லிங்கன் சென்ட்கள், அதாவது அமெரிக்காவின் ஒரு சென்ட் காசுகள், ஒரு பொட்டலமாகக் கைக்கு வந்தன. ஒவ்வொன்றாக லூப்பில் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பார்த்துக்கொண்டே வந்தபோது ஒரு 1969-எஸ் சிக்கியது; எஸ் என்பது சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் குறி. ஆண்டு எண் இரட்டையாகத் தெரிந்தது. அந்த ஆண்டின் டபுள்டு டை, அதாவது காசு அடிக்கும் அச்சான டையிலேயே உருவம் இரட்டித்துப்போன காசு, எவ்வளவு அரிது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆரம்பத்தில் கிடைத்த சிலவற்றைக் கள்ளக்காசு என்று அமெரிக்க அரசே பறிமுதல் செய்திருக்கிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

படம் எடுத்து, பிழை நாணயங்களிலேயே ஊறிப்போன ஒரு பெரியவருக்கு அனுப்பினேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"தம்பி, எஸ் எழுத்தும் இரட்டையாத் தெரியுதா?"

"ஆமாங்க ஐயா, அதுதான் இன்னும் நல்லாத் தெரியுது."

"அப்போ அது இல்லப்பா. மெஷின் டபுளிங்."

காரணத்தையும் பொறுமையாகச் சொன்னார். அந்தக் காலத்தில் ஹப் எனப்படும் தாய் அச்சை ஒரே டை மீது ஒரு முறைக்கு மேல் அழுத்துவார்கள். இரண்டாவது அழுத்து இம்மியளவு திரும்பிவிட்டால் டையிலேயே எழுத்துகள் இரட்டையாகப் பதிந்துவிடும். ஆனால் எஸ் குறி ஹப்பில் கிடையாது. அதைப் பிறகு தனியாகக் கையால் அடித்துப் பதிப்பார்கள். அதனால் நிஜமான 1969-எஸ்ஸில் ஆண்டும் வாசகங்களும் இரட்டையாக இருக்கும், எஸ் மட்டும் ஒற்றையாக நிற்கும். எஸ்ஸும் சேர்ந்து அதே பக்கம் இரட்டித்தால், காசு அடிபடும் நேரத்தில் டை அசைந்து எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்துவிட்டது என்று அர்த்தம். அதுதான் மெஷின் டபுளிங்.

அப்புறம் மறுபடி லூப்பை எடுத்தேன். 9-இன் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு தட்டையான விளிம்பு, காசின் சமதளத்தோடு ஒட்டிக் கிடந்தது. விளக்கடியில் காசை மெல்லத் திருப்பினால் அந்த விளிம்பு மட்டும் பளிச்சென்று மின்னியது. முக்கியமாக, எண்ணின் மேடு பக்கத்துக் காசில் இருந்ததைவிட மெலிந்திருந்தது. உலோகத்தைச் சீவித் தள்ளியதால் வந்த மெலிவு அது. டபுள்டு டையில் இதற்கு நேர்மாறு: எழுத்து தடித்திருக்கும், இரண்டு உருவமும் உருண்டு திரண்டிருக்கும், மூலைகளில் பிளவு தெரியும். முதல் நாளே மேட்டின் அகலத்தைப் பார்த்திருந்தால் போதும். ஏமாற்றம்தான். ஆனாலும் அந்தக் காசை ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் வைத்திருக்கிறேன்.

*

எனக்கு 1955 சென்ட்டில் நடந்தது. கடைசி 5-க்குப் பக்கத்தில் நிழல் போல இன்னொரு 5. "இரட்டை அச்சு" என்று எழுதித்தான் விற்றார்கள், நானும் நம்பி வாங்கினேன். ஆனால் அது மெஷின் டபுளிங்கும் இல்லை, டை தேய்ந்துபோனதால் வந்த மங்கல். நிஜமான 1955 டபுள்டு டைக்கு லூப்பே வேண்டாம், வெறும் கண்ணுக்கே ஆண்டும் வாசகமும் விலகி நிற்பது தெரியும். அப்படி இருபதாயிரத்துக்கு மேல் வெளியே வந்ததாகச் சொல்வார்கள். தேய்ந்த டை வகையோ ஏராளம். விலை கேட்பதற்கு முன்னால் ஒரு நிஜக் காசின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தயவுசெய்து.

*

நல்ல செய்தியும் ஒன்று இருக்கட்டும். என் 1972 சென்ட் நிஜமாகவே டபுள்டு டை. முதலில் நானே நம்பவில்லை. லிபர்ட்டி எழுத்துகள் தடித்து, முனைகள் பிளந்திருந்தன. விளக்கடியில் எப்படித் திருப்பினாலும் தட்டையான மினுமினுப்பு எங்கேயும் இல்லை. பிறகு அதே டையில் அடித்த காசுகளின் படங்களைத் தேடி எடுத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். பிழை டையில் இருந்தால் அதில் அடித்த எல்லாக் காசிலும் அதே இடத்தில், அதே அளவில்தானே இருக்க வேண்டும்? டி எழுத்தின் விலகல் வரை அப்படியே பொருந்தியது. அன்று இரவு வீட்டில் எல்லோரையும் எழுப்பி லூப்பைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன்.