போதகர் மேடையில் தேர்தல் பேசலாமா?

செந்தூல்_அக்கா
2022 நவம்பர் 19 மலேசியப் பொதுத் தேர்தலுக்கு முந்தின ஞாயிறு. எங்க சபைக்கு வந்த ஊழியக்காரர் ஒருத்தர் ஒரு கூட்டணி பேரைச் சொல்லி, "அறுதிப் பெரும்பான்மையோட வரும், ஆண்டவர் எனக்குக் காட்டிட்டார்"னார். ஒரே கைதட்டல், அல்லேலூயா. கடைசியில என்ன ஆச்சு? பக்காத்தான் கூட்டணிக்கு 80 சொச்சம் சீட்டு, பெரிக்காத்தான் கூட்டணிக்கு 70 சொச்சம். ஆட்சிக்கு வேண்டிய 112 யார் கையிலும் இல்ல. இந்த நாட்டுல பொதுத் தேர்தல் முடிஞ்சு தொங்கு நாடாளுமன்றம் வந்தது அதுதான் முதல் தடவை. நாடே மாமன்னரோட இஸ்தானா (அரண்மனை) வாசலைப் பார்த்துக்கிட்டிருந்தது. 24-ஆம் தேதி பக்காத்தான் தலைவர் அன்வார் பிரதமரா பதவி ஏத்ததும் அதே மனுஷன், "நான் சொன்னது இதைத்தான்"ங்கிறார்!

சொன்னது நடக்கலைன்னா அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, அந்தத் தீர்க்கதரிசிக்குப் பயப்படாதேன்னு உபாகமம் 18:22-ல இருக்கு. இப்ப அடுத்த தேர்தல் பேச்சு ஆரம்பிச்சாச்சு. மேடையில வேதம் மட்டும் போதும். அரசியல் வேண்டவே வேண்டாம்.

பட்டர்வொர்த்_அண்ணன்
ஒருத்தர் உளறினதுக்குச் சபையோட வாயையே கட்டணுமா அக்கா? 2017 பிப்ரவரி 13, பெட்டாலிங் ஜெயாவுல பட்டப்பகல்ல போதகர் ரேமண்ட் கோவை நடுரோட்டுல மறிச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. 2019 ஏப்ரல்ல சுஹாகாம் (மனித உரிமை ஆணையம்) விசாரணை, புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்தோட ஸ்பெஷல் பிராஞ்சைக் கைகாட்டிச்சு. வேதம் மட்டும் போதும்னு எல்லாரும் வீட்டுலயே இருந்திருந்தா அந்த விசாரணை நடந்திருக்குமா? தெருவுல மெழுகுவர்த்தி பிடிச்சு நின்ன ஜனங்களும், விடாம கேட்டுக்கிட்டே இருந்த அவர் மனைவியும்தான் அதை மறக்கவிடாம வச்சிருந்தாங்க. எஸ்தர் ராணி அன்னைக்கு அரண்மனையிலயே வாயை மூடிக்கிட்டிருந்தா யூத ஜனம் என்ன ஆகியிருக்கும்?

செந்தூல்_அக்கா
காணாமப்போனவரைத் தேடுங்கன்னு சொல்றது அரசியல் இல்ல அண்ணே. ஓட்டு வாங்கித் தர்றதுதான் அரசியல்.

பட்டர்வொர்த்_அண்ணன்
கோடு அவ்வளவு சுலபமா விழாது. போலீசைக் கேள்வி கேட்டா அது அரசாங்கத்தைக் கேட்கிறதுதான். அந்த அரசாங்கத்தை ஏத்துறதும் இறக்குறதும் ஓட்டுதானே?

புக்கிட்மெர்தாஜம்_தோமா
கத்தோலிக்கன் நடுவுல வரலாமா? எஸ்தர்னு சொன்னதால வந்தேன். உங்க பைபிள்ல அந்தப் புத்தகத்துல கடவுள் பேரே வராது. (எங்களோடதுல கிரேக்கப் பகுதிகளும் சேர்ந்திருக்கு, அதனால செபமெல்லாம் வரும். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வச்சுக்கலாம்.) எஸ்தரை வளர்த்த மொர்தக்காய் அவகிட்ட "ஆண்டவர் காட்டினார், நீ ஜெயிப்பே"ன்னு சொல்லல. இந்த நேரத்துக்காகத்தான் உனக்கு இந்தப் பதவி கிடைச்சதோ என்னவோ, யாருக்குத் தெரியும்னார். அவ்வளவுதான். அவளும் செத்தாச் சாகிறேன்னுதான் ராஜாகிட்ட போனாள். முடிவு தெரிஞ்சு போகல.

செஞ்சது தப்புன்னு சொல்றதுக்குத் தரிசனம் வேண்டாம், கண்ணு இருந்தாப் போதும். நாளைக்கு யார் ஜெயிப்பாங்கங்கிறது மனுஷனுக்கு எட்டாத விஷயம். உங்க ஊழியக்காரர் முதல் விஷயத்துல வாயைத் திறக்கல, ரெண்டாவதுல அளந்துவிட்டார்.

பட்டர்வொர்த்_அண்ணன்
தோமா, கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா போதகரே "எனக்கு இப்படித் தோணுது, தப்பாகவும் இருக்கலாம்"னு இழுத்தா ஒரு ஜனமும் அசையாது. பயந்து கிடக்கிற கூட்டத்துக்கு உறுதியான குரல் வேணும்.

செந்தூல்_அக்கா
பயம்னு சொன்னீங்களே, அதைப் பேசுவோம். நீங்க ரெண்டு பேரும் பழைய கற்கோவில்ல உட்கார்ந்து எழுதுறீங்க. எங்க சபை கடைவீட்டு மேல்மாடி. பக்கத்துல ஒருத்தர் ஊராட்சி மன்றத்துக்குப் புகார் போட்டா அடுத்த வாரம் ஆராதனை எங்கேன்னு தெரியாது. இதுல போதகர் ஒரு கட்சி பேரைச் சொல்லி, அதை எவனாவது போன்ல பிடிச்சு டிக்டாக்ல போட்டா? மாட்டப்போறது நாங்க. வெளியூர் ஊழியக்காரர் காணிக்கையை வாங்கிக்கிட்டு ஃபிளைட் ஏறிடுவார்.

முதல்_ஓட்டு
அந்தத் தேர்தல்லதான் நான் முதல் தடவை ஓட்டு போட்டேன். 18 வயசுல பேரு தானாகவே பட்டியல்ல ஏறிடுச்சு. வேட்பாளரை எதை வச்சு எடை போடணும்னு சபையில ஒருத்தரும் சொல்லித் தரல. யார் ஜெயிப்பாங்கன்னு மட்டும் சொன்னாங்க. அதுவும் தப்பு.

புக்கிட்மெர்தாஜம்_தோமா
👆 தம்பி ரெண்டு வரியில முடிச்சுட்டார்.

அண்ணே, உறுதியான குரல்னீங்க. ஈப்போ இந்திரா காந்தி அம்மா விஷயத்தை எடுங்க. 2009-ல இஸ்லாத்துக்கு மதம் மாறின கணவர் பிள்ளைகளையும் மாத்தினார், 11 மாசக் கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போனார். பிள்ளையை மதம் மாத்தணும்னா தாய் தகப்பன் ரெண்டு பேர் சம்மதமும் வேணும்னு கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29-ல தீர்ப்பு கொடுத்துச்சு. வருஷக்கணக்கா ஆகியும் பிள்ளை தாய்கிட்ட வந்து சேரல. அவங்க இந்து. அவங்களுக்காக உங்க சபையில எத்தனை ஞாயிறு ஜெபம் பண்ணியிருக்கீங்க? 2022-க்கு அப்புறம், நீங்க ஓட்டு போட்ட ஆளுங்களே ஆட்சியில இருக்கிறப்போ?

பட்டர்வொர்த்_அண்ணன்
முன்னாடி ஜெபக்குறிப்புல இருந்தது. அப்புறம் இல்ல. "இப்பதான் நம்ம ஆளுங்க வந்திருக்காங்க, சங்கடப்படுத்த வேண்டாம்"னு கமிட்டியில சொன்னாங்க. ஆனாலும் மேடை பேசணும்ங்கிறதுல நான் மாறல தோமா. ஆட்சி மாறினாலும் பேசணும்னு வேணும்னா சேர்த்துக்குங்க.

செந்தூல்_அக்கா
அந்த ஊழியக்காரரை அடுத்த மாசக் கன்வென்ஷனுக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. வேண்டாம்னு சொன்னது நான் ஒருத்திதான்.

பட்டர்வொர்த்_அண்ணன்
வரட்டும் அக்கா. பிரசங்கம் முடிஞ்சதும் ஒரு கேள்வி நேரம் வைக்கச் சொல்லுங்க.

செந்தூல்_அக்கா
ஊழியக்காரர்கிட்ட கேள்வி நேரமா! எந்த ஊர்ச் சபையில அண்ணே இருக்கீங்க?